மூடியைத் திறக்கும் உத்தரவு

நிலத்தடி வாரியம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. முன்பு கீழ்த்தளத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்து கோப்புகளோடு குசலம் விசாரித்ததால், சாக்கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வாரியம் சாக்கடைக்குப் பயந்து மேலே ஏறிப்போனது. இதை அங்கே யாரும் தமாஷாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வாரியத்தில்தான் மூடியக்காவுக்கு வேலை. அவளுடைய பதவிப் பெயரை முழுதாகச் சொன்னால் நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். தெருத்தெருவாக நடந்து, சாக்கடைக் குழிகளின் மேல் இரும்பு மூடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். இருந்தால் அடுத்த தெரு. இல்லாவிட்டால் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். பார்ப்பது சுலபம். சொல்வதில்தான் இருக்கிறது சங்கடம்.

அந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் வாரியம் எல்லோருக்கும் ஒரு கையடக்கச் சிறுகணினி வாங்கிக் கொடுத்தது. மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வாரியச் செயலர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "இது வெறும் கருவி இல்லை. வாரியத்தின் கண், வாரியத்தின் காது, வாரியத்தின் மூளை" என்று பேசினார். மூன்றும் அதுவரை எங்கே இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அடுத்த வாரம். கணினிப் பிரிவு அதிகாரி அதை மேசைமேல் வைத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, திரையில் அவருடைய மூக்கு வந்து நின்றது. அதற்குள் கேமரா இருப்பது அப்போதுதான் வாரியத்துக்குத் தெரிந்தது. அதே நாளில் செயலரின் இழுப்பறைக்குள் இருந்த கருவி மணியடித்தது. திறந்து காதில் வைத்தால், யாரோ ஒருவர் மெத்தைக்கு விலை கேட்டார். ஆக, உள்ளே தொலைபேசியும் இருக்கிறது.

செய்தி பரவியதும் வாரியம் மூன்றாகப் பிளந்தது. தொலைபேசிக்கு ஒரு பிரிவு உண்டு. புகைப்படத்துக்கு ஒரு பிரிவு உண்டு. இரண்டும் காலம் காலமாக இருப்பவை. கணினி என்று சொல்லி டெண்டர் விட்டு, பின்வாசல் வழியாகத் தங்கள் தொழிலைப் பறிக்கிறார்கள் என்று இரண்டு பிரிவுகளும் கொதித்தன. கணினிப் பிரிவோ, "நாங்கள் கணினிதான் கேட்டோம், கடைக்காரன் கூடவே இதையெல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டான்" என்று கையை விரித்தது. பல கூட்டங்களுக்குப் பிறகு எல்லோர் மனமும் குளிரும்படி ஒரு முடிவு வந்தது. கருவியைக் கணினியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். கேமராவின் கண்ணையும் பேசுகிற, கேட்கிற துளைகளையும் அரக்கு வைத்து அடைத்து, வாரிய முத்திரை குத்திவிட வேண்டும்.

மெழுகுவத்தியோடு ஒருவர் உட்கார்ந்தார். ஊழியர்கள் வரிசையில் நின்று, வாரியத்தின் கண்ணையும் காதையும் அடைத்து வாங்கிக்கொண்டார்கள். மூளை மிச்சம் இருந்தது. அதில் கூட்டல் கழித்தல் போடலாம். கூடவே ஒரு கடிகாரமும் இருந்தது. கடிகாரத்துக்கென்று வாரியத்தில் தனிப் பிரிவு இல்லாததால் அது தப்பித்தது.

சரி, மூடி இல்லாத குழியை எப்படித் தெரிவிப்பது? அதற்கும் வழி சொன்னார்கள். குழிக்குப் பக்கத்தில் நின்று, கருவியின் திரையில் விரலால் படம் வரைய வேண்டும். படம் ஏற்கப்பட்டால் புகைப்படப் பிரிவிலிருந்து புகைப்படக்காரர் முக்காலியோடு வந்து முறையான படம் எடுப்பார். அதைக் கழுவிக் காயவைத்த பிறகு, தொலைபேசிப் பிரிவு கிடங்குக்குப் பேசும். கிடங்கிலிருந்து மூடி வரும்.

மூடியக்கா பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு குழியைப் பார்த்தாள். வரைந்தாள். "படத்தில் உள்ளது குழியா, மூடியா, நிலவா எனத் தெரியவில்லை" என்று திரும்பி வந்தது. உள்ளே கருப்பு பூசி அனுப்பினாள். "ஆழம் தெரியவில்லை" என்று வந்தது. பக்கத்தில் 'ஆழம் அதிகம்' என்று எழுதி அனுப்பினாள். படத்தில் எழுத்து இருக்கக் கூடாது என்று கண்டித்ததோடு, அவளை ஓவிய வகுப்புக்கும் போகச் சொன்னார்கள். வாரியமே நடத்துகிற வகுப்பு. ஒன்பதாவது மாடியில், காற்றோட்டமான அறையில், ஒரு வாத்தியார் மண்பானை ஒன்றை வைத்துக்கொண்டு நிழல் எங்கே விழும் என்று சொல்லிக் கொடுத்தார்.

பானையின் வலது பக்கம் கருப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது மேசைமேல் அவள் கருவி நடுங்கியது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. எடுத்தால் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது, அரக்கு. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"நடுக்கத்தைப் பார்க்காதீங்கம்மா, நிழலைப் பாருங்க" என்றார் வாத்தியார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. தையல் கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்த அண்ணி, அந்தக் குழிக்குள் விழுந்திருக்கிறாள். கால் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணி அவளைப் பார்த்தாள்.

"நீ வரைஞ்சு காட்டினியே, அந்தக் குழிதான். படத்துல சின்னதா இருந்துச்சு. உள்ளே நல்ல விசாலமா இருக்கு" என்றாள்.

மூடியக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வாரியத்தின் மேல் பாதி. பானைக்கு நிழல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்மேல் பாதி.

ஆள் விழுந்ததில் ஆழம் தெரிந்துவிட்டதால் அவள் படம் ஏற்கப்பட்டு, மறுநாள் புகைப்படக்காரர் முக்காலியோடு குழிக்கு வந்தார். கெட்டவர் இல்லை, தொழில் சுத்தம் உள்ளவர். வெளிச்சம் பார்த்தார், குனிந்து பார்த்தார், அப்புறம் அங்கே நின்ற அண்ணனிடம், "அளவு தெரியறதுக்கு உள்ளே ஒரு ஆள் நின்னா நல்லாயிருக்கும். நேத்து விழுந்தாங்களாமே, அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். அண்ணனை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணி காலில் கட்டோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு எல்லோரையும் வேலை வாங்க ஆரம்பித்திருந்த சமயத்தில் அடுத்தது நடந்தது. ஒருநாள் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே ஒரு மூடியைக் காணோம். லாரி ஏறி உடைந்து உள்ளே போயிருக்க வேண்டும். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வருகிற வயசு. முன்னால் போகிறவன் முதுகைப் பார்ப்பார்கள், தரையைப் பார்க்க மாட்டார்கள்.

மூடியக்கா குழிக்குக் குறுக்கே காலை அகட்டி நின்றுகொண்டாள். முறைப்படி நடப்பதென்றால் இப்போது படம் வரைய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதாவது மாடிக்குப் போய்த் தொலைபேசி அறையில் வரிசையில் நிற்க வேண்டும். அவள் நகர்ந்தால் குழிக்குக் காவல் இல்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தாள். வாரிய முத்திரையை முதலில் கேமராக் கண்ணிலிருந்து நெம்பினாள். காய்ந்த அரக்கு, சொன்ன பேச்சு கேட்டது. அடுத்து பேசுகிற துளை, கேட்கிற துளை. குழியைப் படம் எடுத்தாள். கிடங்குக்காரர் எண்ணைப் போட்டாள்.

"யாரு? வாரியத்துல இருந்தா? போன்லயா?" என்றார் கிடங்குக்காரர். குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். "நான் முடிவெட்டிக்க லீவு போட்டா, ஏன் வரலன்னு கேக்க மட்டும்தாங்க்கா வாரியத்துல இருந்து பேசுவாங்க."

"படம் அனுப்பியிருக்கேன் பாருங்க. இந்த அளவு மூடி இருக்கா?"

"மூடி மலை மாதிரி கெடக்குக்கா. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. அங்கயே நில்லுங்க, வண்டியில போட்டுட்டு வர்றேன்."

மணி அடிப்பதற்குள் மூடி விழுந்தது. பிள்ளைகள் அதன்மேல் குதித்துக் குதித்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். மூடியக்கா மூடிய பின்னும் ஒரு படம் எடுத்தாள். இரண்டையும் வாரியத்துக்கு அனுப்பினாள். மறைக்கத் தெரியாதவள் இல்லை. மறைக்க மனசு வரவில்லை.

மூடி வந்ததைப் பற்றி வாரியம் ஒன்றும் கேட்கவில்லை. படம் வந்ததைப் பற்றித்தான் கேட்டது.

விசாரணை செயலரின் அறையில் நடந்தது. முதலில் கருவியைப் பறிமுதல் செய்வது என்று ஆரம்பித்தார்கள். தொலைபேசியாகப் பயன்பட்டதால் தொலைபேசிப் பிரிவுதான் பறிக்க வேண்டும் என்றார் தொலைபேசிப் பிரிவு அதிகாரி. கேமராவாகவும் பயன்பட்டதே என்றார் புகைப்படக்காரர். வாங்கியது நாங்கள் என்றார் கணினிப் பிரிவு அதிகாரி. யார் பறிப்பது என்று தீராததால் அது மூடியக்காவின் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

தொலைபேசிப் பிரிவு அதிகாரி எழுந்து நின்று பேசினார்.

"எங்க பிரிவுல பதினெட்டு பேர் இருக்கோம் சார். ராத்திரி பகல்னு பார்க்காம தொலைபேசியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். வந்தா யார் எடுக்கறதுன்னு ஒரு முறை வெச்சிருக்கோம். அந்த முறையை முடிக்கறதுக்குள்ள மணி நின்னுடும், அது வேற விஷயம். இந்தம்மா நடுத்தெருவுல நின்னு ஒரே நிமிஷத்துல பேசி முடிச்சிருக்காங்க. அப்ப நீங்க பதினெட்டு பேரும் எதுக்குன்னு நாளைக்கு ஜனங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"கேட்க மாட்டாங்க" என்றார் செயலர். "கேட்கணும்னா உங்க பிரிவுக்குப் போன் பண்ணித்தானே கேட்கணும்."

தொலைபேசிப் பிரிவு அதிகாரி நிம்மதியாக உட்கார்ந்தார். கணினிப் பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உண்மையைச் சொன்னா, அந்தக் கருவியில பேசறதும் படம் எடுக்கறதும்தான் ஒழுங்கா வேலை செய்யுது. எங்களுக்கும் தெரியும். ஆனா கணினின்னு சொல்லி வாங்கினோம். கணினின்னு நம்பறதுதான் ஊழியருக்கு அழகு."

மூடியக்கா வாயைத் திறந்தாள். "சார், குழியை மூடியாச்சு. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல."

"அதுதான் பிரச்சினையே" என்றார் செயலர். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, பொறுமையாக, பாடம் சொல்வதுபோலச் சொன்னார். "முறையில்லாத படம். முறையில்லாத போன். அது வழியா வந்தது முறையில்லாத மூடி. அப்படி ஒரு மூடி தெருவுல கிடக்கறதை வாரியம் அனுமதிக்க முடியாது. அதனால வாரியம் என்ன கருதுதுன்னா, குழியைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவரணும். அப்புறம் நீங்க முறைப்படி படம் வரையுங்க. புகைப்படக்காரர் வருவார். எல்லாம் சரியா இருந்தா அதே மூடியைத் திரும்பப் போடலாம். வாரியத்துக்கு உங்க மேல கோபம் இல்லம்மா."

மூடியக்காவுக்குக் கேட்டது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "மூடியை எடுத்துட்டுக் குழியைத் திறந்து வைக்கணுமா?"

"திங்கட்கிழமை. நீங்களே உங்க கையால. இல்லன்னா வேலை இருக்காது."

"அதுவரைக்கும் பசங்க?"

"பசங்க நம்ம வாரியத்தின் கீழ் வர மாட்டாங்க."

தொலைபேசிப் பிரிவு அதிகாரி விதிகள் நன்றாகத் தெரிந்தவர். திருத்தினார். "உள்ளே விழுந்துட்டா வருவாங்க சார்."

செயலர் தலையசைத்து அதை ஒப்புக்கொண்டார்.

வீட்டில் மூடியக்கா நடந்ததைச் சொன்னபோது அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஒரு சம்பளம் ஏற்கனவே ஸ்டூல்மேல் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணிதான் பேசினாள்.

"நீ திறந்தேன்னு வை, இந்தக் கட்டுக்காலாலயே எட்டி உதைப்பேன்."

"வேலை போயிடும் அண்ணி."

"போகட்டும். ஒரு கால் போனப்பவே பிழைச்சுக் கெடக்கோம்." அண்ணி ஸ்டூலில் காலைச் சரியாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "திறன்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

மூடியக்கா யோசித்தாள். விசாரணை முழுக்க நினைத்துப் பார்த்தாள். "வாரியம் கருதுது, வாரியம் அனுமதிக்காதுன்னாங்க. ஒருத்தரும் நான்னு சொல்லல அண்ணி."

"சொல்ல மாட்டாங்க. நான்னு சொன்னா நாளைக்கு ஒரு தாய் வந்து அந்த நானோட சட்டையைப் பிடிப்பா. வாரியத்துக்குச் சட்டை ஏது."

அன்றைக்கு மூடியக்கா நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொன்னால் பொய். ஆனால் பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் ஒரு பிடிவாதம் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வாரியத்தின் வண்டி வந்தது. செயலர், தொலைபேசிப் பிரிவு அதிகாரி, கணினிப் பிரிவு அதிகாரி, முக்காலியோடு புகைப்படக்காரர் எல்லோரும் இறங்கினார்கள். ஒரு குழியைத் திறக்க இத்தனை பேர் வந்தது வாரியச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. மூடவே ஒருவரும் வந்ததில்லை. பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தாய் தகப்பன்மார் நின்று பார்த்தார்கள். அண்ணி ஆட்டோவில் வந்து, நாற்காலி ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிப்போட்டு, கட்டுப்போட்ட காலை மூடியின்மேல் நீட்டி வைத்திருந்தாள். மூடியக்கா பக்கத்தில் கடப்பாரையோடு நின்றாள்.

"இவங்க யாரு?" என்றார் செயலர்.

"முறைப்படி வரைஞ்ச குழியில விழுந்தவ" என்றாள் அண்ணி.

செயலர் அதைக் காதில் வாங்கவில்லை. "ம், திறங்க" என்றார்.

"திறக்கறேன் சார்" என்றாள் மூடியக்கா. கடப்பாரையைத் தரையில் ஊன்றினாள். "அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. திறக்கச் சொன்னவங்க இப்படி மூடிக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தா, யாரு திறக்கச் சொன்னதுன்னு பெத்தவங்க கேப்பாங்க. எனக்கு முகத்தை வர்ணிக்க வராது. படம் வரையவும் வராதுன்னு உங்களுக்கே தெரியும்."

கருவியை எடுத்து, செயலரைப் பார்த்து உயர்த்தினாள்.

செயலர் இயல்பாக நகர்வதுபோல இடது பக்கம் ஒரு அடி வைத்தார். கேமராவும் இடது பக்கம் திரும்பியது. "இது வாரியத்தின் முடிவு, என்னோடது இல்லை" என்றார். "அப்ப அதையே சொல்லுங்க சார், உங்க பேரோட சொல்லுங்க, பேசறதும் பதிவாகும்" என்றாள் மூடியக்கா. செயலர் தொலைபேசிப் பிரிவு அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போனார். முதுகு அங்கே இல்லை. அது கணினிப் பிரிவு அதிகாரியின் பின்னால் போயிருந்தது. கணினிப் பிரிவு அதிகாரிக்கு ஒதுங்க முக்காலி மட்டும்தான் கிடைத்தது. ஒல்லியான முக்காலி, அவரோ அப்படி இல்லை.

கூட்டத்தில் ஒரு அம்மா தன் செல்போனை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். வாசல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மூன்று அதிகாரிகளும் ஒரு கேமராவிலிருந்து விலகி இன்னொரு கேமராவுக்குள் விழுந்து, கடைசியில் தங்கள் வண்டிக்குப் பின்னால் போய் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெளிச்சத்தில் மிச்சம் நின்றது புகைப்படக்காரர் ஒருவர்தான். அவர் ஓடவில்லை. மூடியக்கா கருவியைப் பிடித்திருந்த விதத்தை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பின்னால போய் எடும்மா. மூடி முழுசா வரல" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் கேட்டது தப்பும்மா" என்றார்.

"தப்புதான்" என்றாள் அண்ணி. காலை எடுக்கவில்லை.

வண்டிக்குப் பின்னாலிருந்து செயலரின் குரல் மட்டும் வந்தது. "உங்களை வேலையை விட்டு…"

"சொல்லுங்க சார்" என்று மூடியக்கா கருவியோடு அந்தப் பக்கம் நடந்தாள். "இதுவும் முழுசா பதிவாகட்டும். எதுக்காக வேலையை விட்டு எடுக்கறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

வாக்கியம் அங்கேயே நின்றுபோனது. அதற்கு முடிவு இன்றுவரை வரவில்லை. வாரியத்தின் எந்தப் பிரிவு அதை முடிப்பது என்று பேச்சு நடப்பதாகக் கேள்வி.

அந்த நேரம் பார்த்து அவள் கையில் கருவி மணியடித்தது. தொலைபேசிப் பிரிவு அதிகாரி பழக்கதோஷத்தில் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். மூடியக்கா எல்லோர் முன்னாலும் காதில் வைத்தாள். தண்ணீர்த் தொட்டித் தெருவிலிருந்து, கிடங்குக்காரரிடம் எண் வாங்கிய ஒரு பால்காரம்மா, விடியற்காலையில் ஒரு மூடியைக் காணோம், தன் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிற்கிறேன் என்றாள்.

"அங்கயே நில்லுங்கம்மா, நகராதீங்க. ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்றாள் மூடியக்கா. கிடங்குக்காரருக்குப் போட்டாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். இந்த ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும் என்றார்.

மூடியக்கா கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனாள். செயலர் அதன் நிழலில் குனிந்து நின்றிருந்தார்.

"சார், உங்க வண்டி ரோட்டை அடைச்சிட்டு நிக்குது. மூடி வண்டி வரணும். கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க."

செயலர் வண்டியை நகர்த்தச் சொன்னார். அன்றைக்கு அவர் போட்ட உத்தரவுகளில் நிறைவேறியது அது ஒன்றுதான்.